பகல் டிக்கெட்

கொல்லிமலையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு தடவை கரடியைப் பார்க்கப் போனார். அதைச் சொல்லிவிட்டால் அவரைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரி.

பலாப்பழ சீசன். தோப்புக்குள் கரடி புகுந்துவிட்டதென்று பக்கத்துக் காட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்பைப் பார்த்து நடந்தார். அவர் சம்சாரம் "ஏனுங்க, ஏனுங்க" என்று பின்னாலேயே கத்தியது. திரும்பவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, போன வேகத்திலேயே நிதானமாகத் திரும்பி வந்தார்.

"கரடிதானுங்களே?" என்றார் காட்டுக்காரர்.

"பழம் கிழிஞ்சு கிடக்குது. கொட்டையெல்லாம் இறைஞ்சு கிடக்குது. கிழிச்சது எதுன்னு நான் பாக்கலைங்க."

"கரடியில்லாம வேற எது கிழிக்கும்?"

"கரடியா இருக்கலாம். நான் பாக்கலை."

அவ்வளவுதான். உயிரைப் பணயம் வைத்துப் போனவர், போனதற்காகவாவது ஒரு கரடியின் வாலையாவது பார்த்ததாகச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். கண்ணால் கண்டதைச் சொல்வார், காணாததைச் சொல்ல மாட்டார். கண்டதைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

நான் ராசிபுரம் பக்கத்துக்காரி. வேளாண்மை ஆபீஸில் வேலை கிடைத்து மலைக்கு வந்தபோது ஆலத்தூர் நாடு என்கிற மலைப்பகுதியில் அவர் வீட்டின் முன்பக்கத்து ரூமைக் கொடுத்தார்கள். மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் போட்டிருந்தார். வேலி, தண்ணீர், பாதை என்று ஊருக்குள் எந்தத் தகராறு வந்தாலும் "அவரு பாத்தாரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அவர் சம்சாரத்தின் தம்பி, சொந்த மச்சானின் மாடு அடுத்தவர் சாமைக் காட்டை மேய்ந்த பிரச்சினையில், "வேலி தாண்டுனதைப் பாக்கலை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு மேஞ்சதைப் பாத்தேன்" என்று ஊர்க் கூட்டத்தில் சொன்னார். மச்சான் அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே ரொம்ப நாளானது. அந்தம்மா அழுதது. அவர் அதற்கும் வார்த்தையை மாற்றவில்லை.

அவரோடு பழகுவது சுலபமில்லை. எனக்கு வந்த ஒரு வரனின் போட்டோவை அந்தம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்து, "நேர்ல பாத்தாச்சா கண்ணு?" என்றார். இல்லை என்றேன். "ம்" என்றார். அந்த ஒரு "ம்" என்னை ஒரு வாரம் படுத்தியது.

அவர்களுக்கு ஒரே பையன். நாமக்கல்லில் கேட்டரிங் படித்துவிட்டு மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலைக்குப் போயிருந்தான். நான் குடிவந்தபோது அந்தம்மாவின் போன் முழுக்க அந்தத் தீவுதான். கண்ணாடி மாதிரிக் கடல், தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற குடிசைகள், வெள்ளைத் தொப்பியில் பையன். வீட்டுக்கு வருகிறவர், கிழங்கு லோடு ஏற்ற வருகிறவர் எல்லாருக்கும் காட்டும். அவரிடம் யாராவது "பையன் இருக்கற தீவு சொர்க்கமாட்டம் இருக்குதாமே" என்றால், "போட்டோவுல பாத்தேனுங்க, தீவைப் பாக்கலை" என்பார்.

பிறகு போட்டோ வருவது நின்றது. வீடியோவில் பேசுவதும் நின்றது. நெட் சரியில்லை என்றான் பையன். குரல் மட்டும் வந்தது, அதுவும் எப்போதாவது. லீவில் வருகிறேன் என்றவன் தள்ளிப்போட்டான், மறுபடியும் தள்ளிப்போட்டான். பணம் மாதாமாதம் ஒழுங்காக வந்தது. அந்தம்மா அதைச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொள்ளும். ஒருநாள் செம்மேட்டுச் சந்தையில் யாரோ ஒரு கதையைச் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டு வேலையென்று போன மலைக்குக் கீழே இருக்கிற ஊர்ப் பையன் ஒருவனை எங்கோ அடைத்துவைத்திருக்கிறார்களாம், வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் ஆள் நிற்குமாம், பணமும் அனுப்புவார்களாம், சந்தேகம் வராமலிருக்க. அந்தம்மா சந்தையிலிருந்து வாங்கினதைக்கூட எடுக்காமல் வெறுங்கையோடு வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறு பொங்குவது கடமைக்கு ஆனது.

அடுத்த தடவை பையன் பேசியபோது அவர் போனை வாங்கினார்.

"சாமி, உன் ஜன்னல்ல இப்ப என்ன தெரியுது?"

"கடலுப்பா" என்றான் பையன்.

"கடல்ல என்ன தெரியுது?"

"அப்பா, வேலை இருக்குது, வைக்கறேன்."

அவர் போனை அந்தம்மாவிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என் ரூம் வாசலுக்கு வந்தார்.

"கண்ணு, அந்தத் தீவுக்கு எப்படிப் போறது?"

நான் முதலில் ரிசார்ட்டுக்குப் போன் செய்து பார்த்தேன். வேலை செய்கிறவர்களைப் பற்றி வெளியாட்களுக்குச் சொல்ல மாட்டோம் என்றார்கள். அப்பா கேட்கிறார் என்றேன். மன்னிக்கவும் என்றார்கள். அங்கே ஒரு ராத்திரி தங்குவதற்கு ஆகும் செலவைப் பார்த்துவிட்டு அவரிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. தேடிக்கொண்டே போனதில் ஒன்று கிடைத்தது. அந்தத் தீவுக்குப் பகலில் மட்டும் போய்வருவதற்கு ஒரு டிக்கெட் உண்டு. காலையில் படகு கூட்டிப்போகும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். மத்தியானச் சாப்பாடு, உட்கார நாற்காலி, குளிக்க டவல் எல்லாம் அதிலேயே சேர்த்தி.

"தீவுக்குள்ள எங்க வேணாலும் போலாமா?"

"விருந்தாளிங்க போற எடமெல்லாம் போலாங்க."

"அது போதும். ஒரு பகல் போதும். இருந்தா தெரிஞ்சுரும். இல்லாட்டியும் தெரிஞ்சுரும்."

"இல்லாட்டியும்" என்றதை அந்தம்மா கேட்டுவிட்டது. உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

பாஸ்போர்ட்டுக்குச் சேலம் போய்வந்தோம். விசாரிக்க வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார், "மாலத்தீவுக்கு எதுக்குங்க, டூரா?"

"பாக்கறதுக்குங்க."

"என்னத்தைப் பாக்க?"

"என் பையன் உசுரோட இருக்கானான்னு."

போலீஸ்காரர் தலையில் கை வைத்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார்.

பையனுக்கு விஷயத்தைச் சொன்னது நான்தான். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். "வரவேண்டாம்னு சொல்லுங்க அக்கா" என்றான். அவர் போனை வாங்கினார்.

"ஏன் வரவேண்டாங்கற?"

"செலவுப்பா."

"செலவு என்னுது."

"இங்க விடமாட்டாங்க. ரூல்ஸ் இருக்குது."

"பகல் டிக்கெட் வாங்குனா விடுவாங்களாம். இந்தக் கண்ணு பாத்துச் சொல்லுச்சு."

"அப்பா, வராதீங்க. உங்க கால்ல விழுந்து கேக்கறேன். வராதீங்க."

கட் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அந்த நம்பரில் அவன் எடுக்கவேயில்லை. பணம் மட்டும் அந்த மாதமும் வந்தது.

நாங்கள் அவனுக்குச் சொல்லாமலே திட்டம் போட்டோம். நாமக்கல்லில் ஒரு டிராவல்ஸ்காரர் பெங்களூரிலிருந்து விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தார். முந்தின நாள் போய் இறங்கி டவுனில் லாட்ஜில் தங்கிக்கொள்வது, விடிந்ததும் படகுத்துறைக்கு வருவது, சாயங்காலப் படகில் திரும்புவது, மறுநாள் விமானம். கடல் கொந்தளித்தால் படகு போகாது, காசும் திரும்பாது என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து மலையில் மேகம் கூடினால்கூட அந்த ஊர் வானிலையைத் தேடிப் பார்ப்பேன், அங்கே என்ன மழையோ என்று. அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஏர்போர்ட்டில் எங்கே என்ன கேட்பார்கள் என்று தினமும் சாயங்காலம் சொல்லிக்கொடுப்பேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கைகட்டிக் கேட்டுக்கொள்வார். எல்லாம் முடிந்ததும் ஒரே சந்தேகம்தான் கேட்பார்.

"அங்க போய் எறங்கி, அவன் இல்லேன்னா, யாரைக் கேக்கணும்?"

போலீஸ் என்றேன், தூதரகம் என்றேன். அந்த வார்த்தைகள் எனக்கே பொய்யாகக் கேட்டன.

அந்தம்மா தினைமாவு உருண்டை பிடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தது. பஸ் ஏறும்போது அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னது. "எப்படி இருந்தாலும் பாத்ததைப் பாத்தபடி எங்கிட்டச் சொல்லோணும். மறைக்கப்படாதுங்க."

"நான் எப்ப மறைச்சிருக்கேன்?" என்றார் அவர்.

தீவுக்குப் போகிற அன்றைக்கு நான் லீவு போட்டேன். வீட்டில் டவர் வந்து வந்து போகும், மேட்டில் பாறைக்குப் பக்கத்தில்தான் விடாமல் கிடைக்கும். அந்தம்மாவும் நானும் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம். படகு ஏறிவிட்டேன் என்று ஒரு தடவை பேசினார். பிறகு எத்தனை தடவை அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மத்தியானம் போனது. நான் கொண்டுவந்த சோற்றை அந்தம்மா தொடவில்லை. பனி இறங்க ஆரம்பித்தது. எழுந்து போகலாமா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் போன் அடித்தது.

"பாத்தேன்" என்றார்.

அந்தம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. "உசுரோட இருக்கானா? மெய்யாலுமே?"

"இருக்கான். எங்கூட உக்காந்து சாப்பிட்டான். உருண்டையைத் தின்னான்."

"எளைச்சிருக்கானா? மூஞ்சி தெளிவா இருக்குதுங்களா?"

போனில் கடல் காற்று இரைந்தது.

"தெளிவா இருக்குது. நல்லா இருக்கான்."

அந்தம்மா பாறையிலேயே குனிந்து நெற்றியை வைத்து அழுதது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் வீட்டுக்கு இறங்கி நடக்கும்போது ஒன்று உறுத்திக்கொண்டேயிருந்தது. கரடி, மாடு, கிழங்கு விலை எதைக் கேட்டாலும் என்ன பார்த்தார் என்றுதான் சொல்வார். நல்லா இருக்குது, மோசமா இருக்குது என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை.

திரும்பி வந்தவரிடம் ஊரே கதை கேட்டது. படகு வேகம் எப்படி, மீன் எப்படி, வெள்ளைக்காரர்கள் எப்படி என்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அந்தம்மா மறுபடியும் முன்போல எல்லாரிடமும் பேச ஆரம்பித்தது. "எங்கூட்டுக்காரரு கண்ணால பாத்துட்டு வந்துட்டாரு" என்று சந்தையில் அந்தக் கதையைச் சொன்னவரைத் தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தது. போய்வந்த அவர்தான் மெலிந்துபோனார். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் காய்ச்சல் என்றார். ராத்திரியில் இருமல் வந்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்.

தை மாதம் மிளகு பறிப்பு. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி மேலே நின்று பறித்துக்கொண்டிருந்தார். நான் கொடியில் வாடல் நோய் இருக்கிறதா என்று கீழே வேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா வீட்டில் இருந்தது. மேலிருந்து, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கண்ணு, பொய் சொன்னா தொண்டையில ஏதோ நிக்கற மாதிரியே இருக்குமா?"

நான் நிமிர்ந்தேன். அவர் கை பறிப்பதை நிறுத்தவில்லை.

"எறங்குனதும் ஈரத்துண்டு குடுத்தாங்க, மூஞ்சி தொடைக்க. எளநி குடுத்தாங்க. குடை நெழல்ல சாய்வு நாற்காலி போட்டாங்க. நான் சாயலை. வேலையாளு ஒருத்தங்கிட்டப் பையன் போட்டோவைக் காட்டுனேன். மலையாளத்துப் பையன். போட்டோவைப் பாத்தான், என்னைப் பாத்தான். உக்காருங்கன்னுட்டுப் போனவன் வரவேயில்லை. வெயில் ஏறிப்போச்சு. இல்லைபோல, அதைச் சொல்ல மாட்டாமத்தான் இவன் வரலைபோலன்னு நெனச்சேன்."

ஒரு கொத்தைப் பறித்துப் பையில் போட்டார்.

"அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கிட்டு ஒருத்தன் முன்னால போனான். முழுக்கைச் சட்டை, தொப்பி. ஒரு பக்கத்து மூஞ்சி வெந்து சுருங்கிக் கிடந்துச்சு. காது பாதி இல்லை. பாவம், யாரு பெத்த புள்ளையோன்னு நெனச்சேன் கண்ணு."

நான் எழுந்து ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"திரும்பி அதே வழியா வந்தான். எனக்கு நேரா நின்னான். உத்துப் பாத்தா மனசு நோகுமேன்னு நான் கடல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அப்பறந்தான் அப்பான்னு கூப்பிட்டான்."

அதற்குமேல் அவர் பேச்சு விட்டு விட்டு வந்தது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்துவிட்டது. நல்ல ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். தோல் சூடு தாங்காததால் அவனே கேட்டுத் துணி துவைக்கிற பக்கம் போயிருக்கிறான். வேலைக்காரர்கள் விருந்தாளிகளோடு உட்காரக் கூடாது. மேஸ்திரி மாதிரி ஒருவர் மனமிரங்கி, பின்பக்கம் வேலைக்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் அப்பாவையும் மகனையும் உட்காரவிட்டிருக்கிறார்.

"அம்மாகிட்டச் சொல்லாதீங்க, நானே ஒருநாள் வந்து காட்டிக்கறேன்னான். கேட்டா நான் என்னன்னு சொல்றதுன்னேன். நல்லா இருக்கான்னு சொல்லுங்க, நீங்க சொன்னா அம்மா நம்பும்னான். அதைச் சொல்லித்தான் கேட்டான் கண்ணு. நான் சொன்னா நம்பும்னு."

ஏணியிலிருந்து இறங்கி, பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கும் இப்ப பாரம்" என்றார்.

பாரம்தான். அந்தம்மா என்னிடம் பையனுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது நான் ஆபீஸ் வேலையென்று ஓடினேன்.

பையன் ஆடிக்கு முன்னால் வந்தான். சொல்லாமல் வந்தான். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வரும் கடைசி பஸ்ஸில் மாஸ்க்கும் தொப்பியுமாக இறங்கி, ஆளில்லாத பாதையாகப் பார்த்து நடந்து வந்திருக்கிறான். அந்தம்மா வாசலில் அவனைக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே தன் கையால் மாஸ்க்கைக் கழற்றியது. சிரிப்பு அப்படியே நின்றது. அவன் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தது. அழவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு, பின்கட்டிலிருந்த அவரிடம் போனது.

"இதைப் பாத்துட்டா நல்லா இருக்கான்னு சொன்னீங்க?"

அன்றிலிருந்து அந்தம்மா அவருக்குச் சோறு போட்டது, தண்ணீர் வைத்தது, பேசவில்லை. பையன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யாராவது வந்தால் உள்ரூமுக்குப் போய்விடுவான். வந்திருக்கிறான் என்று ஊருக்குத் தெரியும், ஒருவரும் பார்த்ததில்லை. லீவு முடிவதற்குள் போய்விடப் போகிறான், இப்படியே போய்விடப் போகிறான் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் எல்லையோரத்துப் பெரிய மரம் ஒன்றை யாரோ வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் கைகலப்பு வரை போய்விட்டார்கள். அன்று காலை அவர் அந்த வழியாகப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாரென்று, கூட்டமே அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்கள் நின்றார்கள்.

"நீங்க பாத்ததைச் சொல்லுங்க. நாங்க போயிடறோம்."

"என்னைக் கேக்காதீங்க."

"ஏனுங்க, பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன். ஆனா என் வார்த்தையை எடுத்துக்காதீங்க. நான் பொய் சொன்னவன்."

"நீங்களா? என்ன பொய்?" என்றார் பெரியவர். அவர் தலை குனிந்து நின்றார். துண்டின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். நான் என் ரூம் படியில் நின்றிருந்தேன். இப்போது சொல்லிவிடுவார் என்று பட்டது.

வீட்டுக்குள்ளிருந்து அந்தம்மா வெளியே வந்தது.

"அவரு பொய் சொல்லலைங்க. எம் பையன் மூஞ்சி வெந்துபோச்சு. அதைப் பாத்துட்டு வந்து எங்கிட்ட நல்லா இருக்கான்னு சொன்னாரு. அதைத்தான் பொய்யின்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. "நாலு நாளா எம் பையன் எங்கையால சோறு திங்கறான். சிரிக்கறான். நான் தூங்குனா போர்வையைப் போத்தி விடறான். நல்லா இல்லாதவனுங்களா அவன்?"

மரத்துக்காகச் சண்டை போட்டவர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

கதவு நிலையில் பையன் வந்து நின்றான். தொப்பி இல்லை, மாஸ்க் இல்லை. அத்தனை கண்களும் தன்மேல் இருப்பது அவனுக்குத் தெரிந்தது. கை தானாக முகத்துக்குப் போய், பாதியில் நின்று, கீழே இறங்கியது. அவர் மகனைப் பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை.

பெரியவர் பெஞ்சில் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"வா சாமி. உங்கப்பனையும் கூப்புட்டு இப்படி உக்காரு. அவரு பாத்ததைச் சொல்லி இந்த மரத்து வழக்கு முடிய நேரமாகும்."